தம்பிக்கு நிறை பார்த்த நாள்

அப்பாவின் தங்கையான என் அத்தைக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. தெரியாததும் அவளுக்குத் தெரியும். அதனால்தான், எங்கள் ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் தம்பிக்குத் திரிபோஷா மா கேட்டு வாங்கும் பொறுப்பையும் அவளே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

தம்பிக்கு அப்போது ஏழு மாதம். அம்மா மறுபடி கொழுந்து எடுக்கப் போனதில் பால் வற்றிவிட்டது. கடைப் பால்மாவை எட்டியும் பார்க்க முடியாத காலம். தாய்க்கும் பிள்ளைக்கும் அரசாங்கம் கொடுக்கும் அந்தச் சத்துமா கிடைத்தால்தான் உண்டு. கிளினிக் நாளில் பிள்ளையைக் கொண்டுவர வேண்டும், நிறுத்துப் பார்த்துத்தான் பெயர் எழுதுவேன் என்று மிட்வைஃப் மிஸ் சொல்லியனுப்பியிருந்தார்.

நிறுவை என்றதும் அத்தை உஷாரானாள். தினமும் கொழுந்து நிறுத்துச் சம்பளம் வாங்குகிறவள் அவள். ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் என்று சொல்வார்கள்; நிறை குறைந்தால் பாதிதான், அது அரைப்பேர்.

“நெறை கொறஞ்சா அங்கயும் அரப்பேருதான் போடுவாங்க அண்ணி. நீங்க பேசாம வாங்க, நான் பாத்துக்கிறேன்.”

அம்மாவும் கொழுந்து எடுக்கிறவள்தானே. பேசாமல் வந்தாள்.

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில்தான் கிளினிக். இரண்டு சுவெட்டரும் தொப்பியுமாகத் தம்பி தராசில் தொங்கினான். குளிருது மிஸ், உடுப்போடவே நிறுங்க என்று அத்தை கெஞ்சியிருந்தாள். முள் நல்ல தூரம் போனது. அத்தை என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். “நல்ல நிறைதானே. இவருக்கு மா தேவையில்லை” என்றார்.

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. “அப்ப, கொறஞ்ச புள்ளைக்கா மிஸ் குடுப்பீங்க?”

“ஓம், மெலிஞ்ச பிள்ளையளுக்குத்தான்.”

அத்தை வாயைப் பிளந்தாள். பிறகு தம்பியின் இடுப்புத் துணியை அவிழ்த்தாள். எங்கள் வீட்டுக் கதவுப் பூட்டு சீமெந்துத் தரையில் ‘டங்’கென்று விழுந்தது. கூடியிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

“கடவுளே! எல்லாத்தையும் கழட்டுங்கோ” என்றார் மிஸ்.

சுவெட்டர் ஒவ்வொன்றாகக் கழன்றது. சிரிப்பு நின்றது. விலா எலும்பு அத்தனையும் வெளியே தெரிந்தது. அடுப்படி இருட்டில் குளிப்பாட்டும்போது தம்பி இப்படித் தெரிந்ததே இல்லை. மறுபடி தொங்கவிட்டபோது அவனுக்கு அழக்கூடத் தெம்பில்லை. முள் கொஞ்சம்தான் அசைந்தது.

“ஏன் பிள்ளை, போன மாசமே கொண்டு வரேல்லை?” மிஸ் அம்மாவைக் கேட்டார்.

“வேலைக்குப் போகாட்டி பேரு இல்லையே மிஸ்” என்றாள் அம்மா.

மிஸ் தம்பியின் நிறை குறிக்கும் அட்டையில் பச்சை, மஞ்சள் எல்லாம் தாண்டி, அடியில் இருந்த சிவப்புப் பட்டையில் ஒரு புள்ளி வைத்தார். மாப் பைகளும் கொடுத்து, நாளைக்கே கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார்.

அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். கேட்டது கிடைத்த பிறகும் ஏன் அழுகிறாள்? பூட்டு விழுந்து எல்லோரும் சிரித்ததற்குத்தான் என்று நினைத்தேன். போன மானத்தை எப்படியாவது மீட்க வேண்டும் என்று முன்னால் ஓடி, லயத்து வீட்டு வரிசையில் ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்தினேன்:

“எங்க தம்பிக்குச் செவப்பு கெடச்சிருக்கு! மத்த புள்ளைகளுக்கெல்லாம் வெறும் பச்சதான்!”