கரப்பான் டப்பின் மேல் ஒரு வெள்ளைக் கோடு

வீட்டில் கரப்பான் பூச்சி வளர்க்கிறோம் என்று சொன்னால் யாரும் இரண்டாவது தடவை காபிக்கு வருவதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. ஹைதராபாத் குகட்பள்ளியில் எங்கள் ஃபிளாட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வராமலிருந்தால் நிம்மதிதான். ஆனால் நாத்தனாரை அப்படிச் சொல்ல முடியாது. என் கணவரின் அக்கா, கும்பகோணத்திலிருந்து வருடம் ஒருமுறை வந்து தங்குகிறவர். வந்த அன்றே ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து எல்லாவற்றையும் காட்டிவிட்டேன்.

எல்லாம் என் மகளால் வந்தது. ஒன்பதாவது படிக்கிறாள். நாய் கேட்டாள், முடியாது என்றோம். பூனை கேட்டாள், அதுவும் முடியாது என்றோம். அலுத்துப்போய் ஓணானுக்குச் சரி என்றோம். ஆஸ்திரேலிய வகை, முழங்கை நீளம், தாடைக்குக் கீழே முள்முள்ளாகத் தாடி. கண்ணாடிப் பெட்டிக்குள் சூட்டு விளக்கின் கீழ் ஜமீன்தார் மாதிரி படுத்திருக்கும். அந்த ஜமீன்தாருக்குக் கீரை மட்டும் போதாது, உயிருள்ள பூச்சியும் வேண்டும். கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாமல் நாங்களே வளர்க்க ஆரம்பித்தோம். பெரிய பிளாஸ்டிக் டப், உள்ளே நிறுத்தி வைத்த முட்டை அட்டைகள், அவற்றின் இடுக்குகளில் டூபியா என்கிற கரப்பான்கள். பறக்காது, நாறாது, வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் ஏறாது. மூடியில் ஓட்டை வெட்டிக் கொசுவலை ஒட்டியிருந்தோம். குளிர் காலத்தில் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தச் சூடே போதும்.

நான் குஷாய்குடாவில் அப்பாவின் கம்பெனி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். கரப்பானைக் கண்டால் தானாகச் செருப்பைத் தேடுகிற கை இது. அதே கையால் இப்போது அதுகளுக்குக் கேரட் நறுக்கிப் போடுகிறேன். தலையெழுத்து.

"கேரட்டா? இதுகளுக்கா?" என்றார் நாத்தனார். அதற்குப் பிறகு ஸ்டோர் ரூமைத் தாண்டும்போதெல்லாம், "மூடி நல்லா மூடியிருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டே போவார்.

அன்று நான் ஆபீஸிலிருந்து வந்தபோது மகள் டியூஷனில் இருந்தாள். கணவர் வெளியூரில். நாத்தனார் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சூட்டு விளக்கை அணைப்பதற்கு வெகு நேரம் முன்பே ஓணானுக்குத் தீனி போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் செரிக்காது என்பது மகளின் கட்டளை. இருட்டாக இருந்த ஸ்டோர் ரூமில் டப்பின் மூடியைத் தூக்கி, இடுக்கியால் நாலைந்து கரப்பான்களை ஒரு கிண்ணத்தில் எடுத்தேன். ஓணானின் அறைக்குக் கொண்டுபோய் மேலே கால்சியம் பவுடர் தூவிக் குலுக்கினேன். எலும்புக்கு நல்லதென்று தினமும் செய்வதுதான். ஓணான் ஒவ்வொன்றாகக் கவ்வி விழுங்கியது.

திரும்பிப் போய் விளக்கைப் போட்டு மூடியைச் சரியாக மூடும்போதுதான் கவனித்தேன். கொசுவலை மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தடித்த வெள்ளைக் கோடுகள். கால்சியம் கொட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கால்சியம் டப்பா இந்த அறைக்கு வருவதே கிடையாது.

"அக்கா, இந்த மூடி மேல என்ன இது?"

"அதுவா?" ஹாலிலிருந்தே பதில் வந்தது. "மத்தியானம் ஒண்ணு வலையப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. வெளிய வந்துடப் போவுதுன்னு கரப்பான் சாக்பீஸால கோடு போட்டேன். பையிலேயே ஒண்ணு வச்சிருப்பேன், ரயில்லகூட பெர்த்துக்கடியில போடுவேன். கொல்றதுக்கு இல்லம்மா, தாண்டாம இருக்கத்தான்."

வலை வழியாக அந்தத் தூள் உள்ளே உதிர்ந்து முட்டை அட்டைகளின் மேலெல்லாம் கிடந்தது. நான் கால்சியம் தூவுவதற்கு முன்பே அந்தக் கரப்பான்கள் மேல் விஷத்தூள் இருந்திருக்கிறது. வெள்ளை மேல் வெள்ளை தூவி, குலுக்கி, என் மகளின் ஓணானுக்கு நானே ஊட்டியிருக்கிறேன்.

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. பெரியவர், விருந்தாளி, நல்லதென்று நினைத்துச் செய்தவர்.

ஓணானைப் பார்க்கிற மிருக டாக்டருக்கு ஃபோன் போட்டேன். ஊருக்கு மறு கோடியில் இருக்கிறவர். இந்த டிராஃபிக்கில் இப்போது அலைக்கழிக்க வேண்டாம், வாயைத் துடையுங்கள், சூடு குறையாமல் வைத்திருங்கள் என்றார். கால் உதறினாலோ, எச்சில் ஒழுகினாலோ, தலை தொங்கினாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள், காத்திருக்கிறேன். விளக்கை அணைக்கிற நேரம் வரை ஒன்றும் ஆகாவிட்டால் பெரும்பாலும் பயமில்லை என்றும் சொன்னார்.

ஈரத் துணியால் வாயைத் துடைத்தேன். ஓணான் சும்மா படுத்திருந்தது. அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று எப்படித் தெரியும்? டப்பைத்தான் பார்க்க வேண்டும். அதே தூள் பட்டவை அங்கே இருக்கின்றன. நான் டார்ச் அடித்தேன், நாத்தனார் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். மேல் அட்டையில் இரண்டு கரப்பான்கள் மல்லாந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன.

"நான் கொன்னுட்டேனா?" என்றார் மெதுவாக.

ஆறுதல் சொல்கிற நிலையில் நான் இல்லை.

அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு புது பக்கெட்டை எடுத்து வந்தார். அடி அட்டைகளில் தூள் படாமல் இருந்தவற்றை எடுத்துப் போட ஆரம்பித்தார். இடுக்கி சரிப்படவில்லை, வெறுங்கையாலேயே எடுத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நட, நட, நல்லா நட" என்று ஒவ்வொன்றிடமும் கெஞ்சினார். ஆயுசு முழுக்கக் கரப்பானை அடித்தே பழகிய நாங்கள் இரண்டு பேரும் அன்று சாயங்காலம் கரப்பான்கள் சாகக் கூடாதென்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதற்குள் இன்னும் மூன்று மல்லாந்துவிட்டன.

மகள் வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும், "ஏமைந்தி?" என்றாள், என்ன ஆச்சென்று. வீட்டில் நாங்கள் பேசும் தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். நான் வார்த்தை தேடுவதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டார். "நான்தான் கண்ணு சாக்பீஸ் போட்டேன். அது உன் ஓணான் வயித்துக்குள்ள போயிடுச்சு."

பையைப் போட்டுவிட்டு ஓடினாள். கண்ணாடிப் பெட்டியின் முன்னால் மண்டியிட்டவள் திரும்பாமலேயே, "அத்தகி செப்பு, இக்கடிக்கி ராவத்தனி" என்றாள். அத்தையை இங்கே வர வேண்டாமென்று சொல்லு என்கிறாள். நாத்தனாருக்குத் தெலுங்கு தெரியாது. குரல் புரிந்துவிட்டது. அந்த அறையின் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் போகவில்லை. அங்கே அப்படி நின்றதைப் பார்க்கவும் முடியவில்லை.

சாப்பாடு ஆறிப்போனது. டாக்டர் சொன்னதையெல்லாம் மகளிடம் சொல்லியிருந்தேன். மூன்று பேரும் அதன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விளக்கை அணைக்கப் போகிற நேரத்தில் ஓணான் தலையைத் திருப்பியது. ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக, வட்டமாக ஆட்டியது. நிறுத்தியது. மறுபடியும் ஆட்டியது.

"இழுக்குது! காலு இழுக்குது!" நாத்தனார் அலறிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். நான் கார் சாவிக்குப் பாய்ந்தேன்.

"நக்கோ அம்மா!" என்று என்னைத் தடுத்துவிட்டு மகள் குனிந்து உற்றுப் பார்த்தாள். பிறகு அத்தையிடம் திரும்பி, அவருக்குப் புரியட்டுமென்று தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள். "இது ஃபிட்ஸ் இல்ல அத்தை. நல்லா இருக்கும்போதும் இப்படிச் செய்யும். பெருசா யாராச்சும் கிட்ட வந்தா கையை ஆட்டும். நான் சின்னவன், என்னை ஒண்ணும் பண்ணாதன்னு சொல்லுது."

ஓணான் நாத்தனாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். முடிந்தவரை உடம்பைக் குறுக்கிக்கொண்டார். மத்தியானம் சாக்பீஸ் பிடித்திருந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "இல்லப்பா, ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றார்.

ஓணான் இன்னும் ஒரு முறை ஆட்டிவிட்டுக் காலைக் கீழே வைத்தது. மகள் நகர்ந்து அத்தைக்கு இடம் விட்டாள்.