ஓகே பட்டனுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால்...

கிணத்துக்கடவு, பொள்ளாச்சி ரோடு, எங்க டிடிபி கடைக் கம்ப்யூட்டர்ல தினமும் காலைல ஆன் பண்ணுனதும் வந்து நின்னுட்டிருந்த எரர் பாக்ஸ், கடந்த சனிக்கிழமை மாலை என் கையால் இயற்கை எய்தியது.

பிரிவால் வாடும்: மவுஸ், கீபோர்டு, மவுஸ் கடிச்ச யூபிஎஸ் ஒயரு.

சிரிக்காதீங்க. கண்ணீர் அஞ்சலி எழுதறது எங்க குடும்பத் தொழிலுங்க.

அந்த சானிடைசர் வாசம் இன்னும் மூக்குலயே இருக்குது...

கொரோனா ரெண்டாவது அலை. நான் ஒம்பதாவது. ஸ்கூலு போனுக்குள்ள நடந்துச்சு. அப்பா ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ள உக்காந்து டிசைன் பண்ணுவாரு. அதுக்கு முந்தி கல்யாணம், காதுகுத்து, கடை திறப்புன்னு விதவிதமா வரும். அப்ப கண்ணீர் அஞ்சலி மட்டுந்தான். போட்டோவை மாத்தோணும், பேரை மாத்தோணும். 'பிரிவால் வாடும்' அப்படியே இருக்கும். போட்டோவுல இருக்கறவங்க எல்லாருமே சிரிச்சுட்டிருப்பாங்க... ஏதோ ஒரு கல்யாணத்துல எடுத்த படமா இருக்கும்.

போட்டோவெல்லாம் பென் டிரைவ்ல வரும். அப்பா வாங்குனதும் அதுமேல சானிடைசர் அடிச்சு, துணில தொடைச்சு, காத்தாடிக்குக் காட்டிட்டுத்தான் சொருகுவாரு.

"அப்பா, அந்த வைரஸ் வேற, இந்த வைரஸ் வேறங்ப்பா. இது குளிப்பாட்டுனா சாகாது."

"ஊரே லாக்டவுன்ல கெடக்குது, உன்ற வாய்க்கு மட்டும் இல்லையாடா?"

ஒரு நாள் நான் சொன்ன மாதிரியே ஆச்சு. எந்தப் பென் டிரைவ்னு தெரியல, ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டா மாறிப்போச்சு. தொறந்தா ஒண்ணுமில்ல. வெளிய ஒருத்தரு, அவங்க தம்பி போஸ்டருக்காக மாஸ்க் போட்டுட்டு நின்னுட்டிருக்காரு. அப்பா மூஞ்சியே மாறிப்போச்சு.

நான் உக்காந்தேன். வீடியோ பாத்து, கருப்பு ஸ்கிரீன்ல ஏதேதோ அடிச்சு, ஒளிஞ்சிருந்ததை எல்லாம் வெளிய கொண்டாந்து, வைரஸையும் அழிச்சுப்போட்டேன். கிணத்துக்கடவுக்கே கம்ப்யூட்டர் டாக்டர் நான்தான்னு பீத்த ஆரம்பிச்சது அன்னைக்குத்தானுங்க.

மறுநா காலைல ஆன் பண்ணுனா ஒரு பொட்டி வந்து நிக்குது. ஏதோ ஒரு கிறுக்குப் பேரைச் சொல்லி, அந்த ஃபைலைக் காணோம்னு.

"போயிருச்சுன்னு சொன்னே. அப்புறம் ஏன்டா காலங்காத்தால தேடுது?"

"வைரஸ் போயிருச்சுங்ப்பா. ஆன் ஆனதும் என்னையக் கூப்பிடுன்னு அது சொல்லி வெச்ச ஆர்டரு மட்டும் உள்ள இருக்குது. செத்துப்போனது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கூப்பிட்டுப் பாக்கும்... காணோம்னா நம்மளைக் கேக்கும்."

அப்பா அந்தப் பொட்டியவே பாத்துட்டிருந்தாரு. "பாவம்டா"ன்னாரு. ஓகே அழுத்தினாரு.

"ஒரு வரிய அழிச்சாச் சரியாயிரும். நாளைக்குப் பண்றனுங்ப்பா."

அந்த நாளைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல்.

சானிடைசர் அடிச்சது பென் டிரைவுக்கு மட்டுந்தானே... அதைக் குடுத்த கைக்கு இல்லியே.

ஆம்புலன்ஸ்ல ஏறறப்போ, "கடைச்சாவி ஃபிரிட்ஜ் மேல இருக்குது"ன்னாரு. எங்ககிட்டக் கடைசியாச் சொன்னது அதுதான். கோயமுத்தூர் ஆஸ்பத்திரில எங்களை உள்ள உடல. வெளிய கொண்டாந்தப்போ பொட்டலமாக் கட்டியிருந்தாங்க. தூரத்துல இருந்து பாத்தோம். அது அவருதான்னு அவங்க சொன்னாங்க, நாங்க நம்பினோம்.

அவருக்குப் போஸ்டர் பண்ண நானும் அம்மாவும் ஷட்டரைத் தூக்கினோம். ஆன் பண்ணினேன். பொட்டி வந்துச்சு.

"என்ன கண்ணு சொல்லுது?" அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

"தேடுதுங்ம்மா... காணோமாம்."

எதைன்னு நான் சொல்லல. அம்மாவும் கேக்கல.

அதுவரைக்கும் மவுஸைத் தொட்டதே இல்லாத அம்மா, எட்டிப் பிடிச்சாங்க. கடைக்கு வர்றவங்ககிட்டச் சொல்ற மாதிரியே ஸ்கிரீனைப் பாத்து, "அவரு இல்லீங்க"ன்னாங்க.

ஓகே.

அப்புறம் அம்மாதான் கடையப் பாத்துக்கிட்டாங்க. தட்டித் தடவி டைப் பண்ணப் பழகினாங்க. தினமும் காலைல சாம்பிராணி, அப்புறம் கம்ப்யூட்டரு, "அவரு இல்லீங்க", ஓகே. எடுத்துடறனுங்ம்மான்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். "இருந்துட்டுப் போகட்டும் உடு"ம்பாங்க.

அப்பெல்லாம் வர்றவங்களும் கேப்பாங்க, "ஏனுங்க்கா, ஓனர் இல்லீங்களா?"ன்னு. இப்ப அப்படிக் கேக்கறதுக்கு ஆளில்ல. பாதிப்பேரு போன்லயே படம் பண்ணி ஸ்டேட்டஸ் வெச்சுக்கறாங்க. மீதி வர்றவங்களுக்கு அம்மாதான் ஓனரு.

சனிக்கிழமை காலேஜ்ல இருந்து வந்தவன், சும்மா இருக்காம, புது எஸ்எஸ்டி போட்டு விண்டோஸைப் புதுசா ஏத்தினேன். "பாருங்ம்மா, கண்ணு சிமிட்டறதுக்குள்ள ஆன் ஆகும்!"

ஆச்சு. மலை, ஏரின்னு பளபளன்னு வால்பேப்பரு. அம்மா மவுஸ் மேல கைய வெச்சுட்டு அப்படியே இருந்தாங்க.

"ஏங்கண்ணு... இன்னைக்கு அது கேக்கலியா?"

"இனிமே கேக்காதுங்ம்மா. சரி பண்ணிப்போட்டேன்."

"நல்லது"ன்னாங்க. எந்திரிச்சுப் போய், சுத்தமா இருந்த கண்ணாடி கவுண்டரைத் தொடைச்சாங்க. அப்புறம் மறுபடியும் அதையே தொடைச்சாங்க.

இப்ப உண்மையச் சொல்லிப்போடறனுங்க.

ஊருக்கே எரர் எடுத்த டாக்டரு, ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து, எரரு எப்படி வைக்கறதுன்னு தேடினேன். எடுக்கறதுக்கு ஊருப்பட்ட வீடியோ இருக்குது. வைக்கறதுக்கு ஒரு கிறுக்கனும் போட்டு வைக்கல. நடுவுல விண்டோஸே படுத்துருச்சு, மறுக்கா ஏத்தினேன். கடைசியா, இல்லாத ஃபைலைக் கூப்பிடச் சொல்லி ஸ்டார்ட்அப்ல ஒரு வரி போட்டேன். அந்தப் பழைய வைரஸோட கிறுக்குப் பேரு எனக்கு இன்னும் மனப்பாடம்.

திங்கக்கிழமை காலைல பொட்டி வந்துச்சு.

"அவரு இல்லீங்க."

ஓகே.

ஆகவே, மேற்படி அறிவிப்பை வாபஸ் வாங்கிக்கறனுங்க. உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருந்தா தயவுசெஞ்சு வேற ஆளைப் பாருங்க... நான் இப்ப எதிர்க்கட்சி.