மேடையக்காவுக்கு ஒரு சீட்

லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவள் மேடையக்கா. மேடை ஏறிப் பேசுகிற ரகம் என்று நினைத்துவிடாதீர்கள். லாரியை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற இரும்பு மேடையின் ஓரத்தில், ஒரு ஜன்னலும் ஒரு மைக்கும் உள்ள சின்ன அறையில், பதினாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். கல்குவாரியில் ஜல்லி ஏற்ற வரும் லாரிக்கு முதலில் காலி எடை, ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மொத்த எடை. கழித்தால் வருவதற்குத்தான் காசு. காலி எடை போடும்போது கேபினுக்குள் இரண்டு ஆளைக் கூடுதலாக உட்காரவைத்தால் அந்த அளவுக்கு ஜல்லி இலவசம். இந்தத் தில்லுமுல்லைத் தானேதான் கண்டுபிடித்ததாக ஒவ்வொரு டிரைவரும் நம்பிக்கொண்டு வருவான். மேடையக்கா மைக்கை எடுப்பாள்.

"கேபின்ல யாரும் இருக்கக் கூடாது. டிரைவரும் இறங்கணும். தூங்கற ஆளையும் எழுப்பி இறக்குங்க!"

அவள் கணவருக்கும் இதில் சலுகை கிடையாது. இருபத்தெட்டு வருஷமாக ஒரே முதலாளியிடம் லாரி ஓட்டுகிறவர் அவர். இங்கே ஏற்றி, இரண்டு நாள் தூரத்தில் இருக்கும் துறைமுகத்தில் கொட்டிவிட்டு வருவார். ஒல்லிப்பிச்சான். அவர் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் மேடைக்கு ஒன்றுதான் என்று மற்ற டிரைவர்கள் கிண்டலடிப்பார்கள். அக்கா ஏறினால் மேடை என்ன சொல்லும் என்பதையும் பேசியிருப்பார்கள். அவள் காதுபட யாரும் பேசியதில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம் வண்டி எதுவும் இல்லாதபோது அவளே போய் மேடையில் நின்றாள். வெளியே டிரைவர்கள் பார்ப்பதற்காக வைத்திருக்கும் பெரிய போர்டில் சிவப்பாக 140 என்று எரிந்தது. ஊருக்கே தண்டோரா போட்டதுபோல் இருந்தது அவளுக்கு. அவசரமாக இறங்கி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகள் வயிற்றில் இருந்தபோது ஏற ஆரம்பித்த உடம்பு, மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குக் குடிபோன பிறகும் இறங்கவில்லை. நடந்து பார்த்தாள், பட்டினி கிடந்தாள், டப்பாவில் வரும் பொடியைக் கரைத்துக் குடித்தாள். மூன்று கிலோ போகும், ஐந்து கிலோ வட்டியோடு திரும்பி வரும். முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் சர்க்கரையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டன. இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அது லாரியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்.

கல்யாணமான புதிதில் அந்த சீட்டில் உட்கார்ந்து துறைமுகம் வரைக்கும் போயிருக்கிறாள். காலைத் தூக்கி முன்னால் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு, அவர் வாயில் கடலையை உரித்துப் போட்டுக்கொண்டு, ரோடு முழுக்க அவர்களுக்கே பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஒரு பயணம். இரண்டாம் நாள் காலையில் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் திடீரென்று கடல் தெரிந்தது. அவர் வண்டியை ஓரம் கட்டி, "பாத்துக்கோ, எல்லாம் உனக்குத்தான்" என்றார். அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு என்னவோ பேசிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை அவள் இருபத்தாறு வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறாள்.

எட்டு வருஷம் முன்னால் மறுபடி போகலாம் என்று கிளம்பினாள். கேபினுக்கு மூன்று படி. முதல் படியே இடுப்பு உயரம். கால் ஏறியது, உடம்பு ஏறவில்லை. அவர் பின்னாலிருந்து தள்ளினார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அவள் மட்டும் அழுதாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

போன வருஷம் அவருக்குக் கண் பரிசோதனை நடந்தது. இன்னும் ஆறு மாதத்தில் லைசென்ஸ் முடிகிறது, இந்தக் கண்ணுக்குக் கனரக வண்டி ஓட்டப் புதுப்பித்துத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்பதுபோல் இதைச் சொன்னார். அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்த சீட் ஆறு மாதத்தில் இன்னொருத்தன் வண்டியின் சீட்டாகிவிடும்.

அடுத்த வாரமே அறுவைசிகிச்சை டாக்டரிடம் போனாள். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் மாதிரி தைத்துவிடுவார்களாம். இன்சூரன்ஸ்காரர்களோ, எடை குறைக்கும் சிகிச்சை எங்கள் பட்டியலில் இல்லை என்று ஒரே வரியில் கைவிரித்துவிட்டார்கள். முழங்கால் தேய்ந்து உட்கார்ந்த பிறகு வந்தால் அதற்குத் தருவார்களாம், தாராள மனசு! வீடு கட்ட என்று பதினொரு வருஷமாக அவள் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. அதை எடுப்பது என்று முடிவு செய்தாள்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "தையல் போட்ட இடம் கசியலாம். அப்படி ஆனா மறுபடி திறக்க வேண்டியிருக்கும், செலவும் கூடும். ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். முடி கொட்டும். ஆயுசுக்கும் சத்து மாத்திரை. ரொம்ப அபூர்வம்தான், ஆனா உயிரே போகவும் வாய்ப்பு இருக்கு. வீட்ல பேசிட்டு வாங்கம்மா."

வீட்டில் பேசினாள்.

"நல்லா இருக்கற வயித்தக் காசு குடுத்து வெட்டிக்கணுமா?" என்றார் அவர். "உன்ன நான் என்னிக்காவது ஏதாவது சொல்லியிருக்கேனா?"

"நீங்க சொல்லலங்க. அந்தப் படி சொல்லிச்சு."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று கடைசியில் கேட்டார்.

"ஆறு மாசம் இருக்கு. நாலு மாசத்துல முப்பது கிலோ போயிடும்னு டாக்டர் சொல்றாரு. உங்க கடைசி டிரிப்புக்கு நான் ஏறி உக்காந்திருப்பேன், பாருங்க."

ஆபரேஷனுக்கு முன்னால் திரவ ஆகாரம் மட்டும் குடித்து ஏழு கிலோ குறைக்க வேண்டும், அப்போதுதான் கல்லீரல் சுருங்கி வழிவிடும் என்றார்கள். குறையவில்லை என்றால் முன்கூட்டியே போன் செய்து தேதியை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். ஆஸ்பத்திரித் தராசில் எல்லோர் கண்ணெதிரிலும் ஏறி நிற்க மேடையக்காவுக்குக் கூச்சம். பதினாறு வருஷம் சோறு போட்ட சொந்த மேடை இருக்கும்போது அடுத்தவன் தராசு எதற்கு? தினமும் மத்தியானம் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏறினாள். 140. நாலு நாள் கழித்து 140. பத்து நாள் கழித்தும் 140. தண்ணியைக் குடித்துக் குடித்துக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, மேடை மட்டும் மனசு இரங்கவில்லை. தன் உடம்பு தன்னை ஏமாற்றுகிறது என்று நினைத்து அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு போன் செய்தாள். டாக்டர் வெளிநாடு போகிறார், அடுத்த தேதி ஆறு வாரம் கழித்துத்தான் என்றார்கள். சரி என்றாள்.

ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் ஏறி நின்றபோது, நர்ஸ் பழைய சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "முதல்ல நூத்தி நாப்பத்தி நாலு இருந்தீங்க, இப்ப நூத்தி முப்பத்தஞ்சரை. அப்பவே கொறைஞ்சிருக்குமே, ஏன் தள்ளிப் போட்டீங்க?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் பேசும், நடுவில் வருவதைப் பக்கத்துப் பத்துக்குத் தள்ளிவிடும். நூற்று நாற்பத்து நாலுக்கும் 140, நூற்று முப்பத்தாறுக்கும் 140. இதை எத்தனை டிரைவர்களிடம் வாய் வலிக்கச் சொல்லியிருப்பாள்! லாரிக்குத் தெரிந்த கணக்கைத் தனக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. யார் மேல் கோபப்படுவது? நாசமாய்ப் போன இரும்பு, அது தன் வேலையைத்தானே செய்தது.

ஆபரேஷன் நடந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் அடித்தது. டாக்டர் சொன்ன பட்டியலில் முதலில் இருந்ததே வந்து நின்றது, தையல் கசிவு. மறுபடி திறந்தார்கள். வயிற்றில் குழாயோடு ஐந்து வாரம் படுத்திருந்தாள். வீட்டுக்கு என்று வைத்திருந்ததில் மிச்சமிருந்ததும் போய், அவர் பைக்கும் போனது. அவர் டிரிப்புக்கு நடுவில் லாரி அழுக்கோடு வந்து, கையை மட்டும் கழுவிவிட்டுக் கட்டிலோரம் உட்காருவார். வீடு திரும்பியும் பல வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். கடைசி டிரிப்புக்கு அவர் கிளம்பிய அன்று, பாத்ரூம் வரைக்கும் நடக்கவே அவளுக்கு இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது.

"அந்த ஆறு வாரம் மட்டும் கையில இருந்திருந்தா" என்றாள்.

"விடு. கடல் எங்க ஓடிப் போயிடப் போகுது" என்றார். கடல் ஓடாது. அவர் ஓட்டப்போவதில்லை என்பதுதான் விஷயம், அது இருவருக்கும் தெரியும்.

பத்து மாதம் ஆயிற்று. முடி கொட்டித் திரும்ப முளைத்தது. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆனது. டிரைவர்கள், "அக்கா, பாதி அக்காவ எங்க விட்டீங்க?" என்று இப்போது தைரியமாகவே கிண்டலடித்தார்கள். அவர் கல்குவாரி வாசலில் காவல் வேலைக்குச் சேர்ந்து, மத்தியானம் அவளுடைய நாலு ஸ்பூன் சாப்பாட்டு டப்பாவோடு வருவார்.

அப்படி ஒரு மத்தியானம், அவள் ஷிப்ட் முடிந்து அடுத்த பெண் அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். அவருடைய பழைய லாரி மேடையில் ஏறி நின்றது. புது டிரைவர் இறங்கி, காலி எடைச் சீட்டை வாங்கிக்கொண்டான். போர்டில் 8,940.

"தம்பி, ஒரு நிமிஷம் ஏறிக்கட்டுமா?" என்றாள் மேடையக்கா.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதல் படி. கால் ஏறியது, உடம்பும் ஏறியது. இரண்டாவது. மூன்றாவது. சீட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். அந்தப் பக்கக் கதவைத் திறந்து அவரும் ஏறினார். டீசல் வாசனை அப்படியே இருந்தது.

மைக்கில் அந்தப் பெண் கத்தினாள். "கேபின்ல யாரும் இருக்கக் கூடாது! யாரு அது, இறங்குங்க!"

மேடையக்கா போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 9,080. பதினாறு வருஷப் பழக்கம், தானாகவே கழித்தது.

"நூத்தி நாப்பதுங்க" என்றாள். "அன்னிக்கு நான் ஒருத்தியே இவ்வளவு காட்டினேன்."

"இப்ப நானும் அதுக்குள்ளயே அடங்கிட்டேனா?" என்று அவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே குவாரி ரோடு வெயிலில் நேராகக் கிடந்தது.

"வண்டிய எடுங்க" என்றாள்.

அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தார். பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன. சாவி, கீழே நின்றிருந்த புது டிரைவரின் சட்டைப் பையில் இருந்தது.