தண்ணீர் குடிக்க வராத பிள்ளை

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை பார்த்தேன். நான் படித்தது அஞ்சாவது வரைதான். மத்தியானம் பிள்ளைகள் வரிசையாக வந்து கையைக் குவிப்பார்கள். பானையிலிருந்து செம்பில் மோந்து ஊற்றுவேன்.

சுற்று ஊர்களில் எட்டாவது முடித்து ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் பாதியில் நின்றுவிடுவார்கள். நின்ற பிறகு வீடு தேடிப் போய்க் கூப்பிட்டும் பலனில்லை என்று பெரிய சார் வருத்தப்படுவார். தலைமையாசிரியரை அப்படித்தான் சொல்வோம். ஒருநாள் அவரிடம் மெள்ளச் சொன்னேன்.

"சார், அந்த நெசவுக்காரப் பிள்ளை கையில சாயம் ஒட்டியிருக்கு. காலையிலேயே வேலைக்கு உக்கார வச்சிட்டாக போல."

அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போய்ப் பேசினார். பிள்ளை படிப்பை விட்டு நிற்கவில்லை.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பானையடிக்கு வந்துவிடுவார். "ஏம்மா, இந்த வாரம் யாரு கையி மாறியிருக்கு?"

"கைரேகை சோசியமா சார்?" என்று ஒரு வாத்தியார் கேலி பேசுவார்.

"ஒம்ம ரிஜிஸ்டர் பிள்ளை போன பிறகு சொல்லுதுய்யா. இந்தம்மா போறதுக்கு முன்னாடியே சொல்லுது."

எனக்குத் தலை நிமிராது. ஆனாலும் வியாழக்கிழமையே மனசு வெள்ளிக்கிழமைக்கு ஏங்க ஆரம்பித்துவிடும்.

மூன்று வருசம் கழித்து அவருக்கு மாற்றல் வந்தது. புதிய சாரிடம் விவரம் சொல்லிவிட்டுத்தான் போனார். அவரும் முதல் வெள்ளிக்கிழமை வந்து கேட்டார். புது ஆள் முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை. "எல்லாரும் ஒழுங்கா வாராக சார்" என்றுவிட்டேன். அதோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

அந்த ஐப்பசியில் திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, தண்ணீர் பட்டதும் கையை உதறினாள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"களையெடுக்கப் போறியாத்தா?"

"நேத்து மட்டுந்தான்க்கா."

"பள்ளிக்கூடத்துக்கு வருவேல்ல?"

"அம்மா விட்டா வருவேன்."

சார் அறை வாசல்வரை இரண்டு நாள் போனேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள், திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் அவள் தண்ணீர் குடிக்க வரவில்லை. அப்புறந்தான் உள்ளே போய்ச் சொன்னேன். சாரும் நானும் அவள் ஊருக்குப் போனோம். அவளைத் தாய்மாமன் ஊருக்கு அனுப்பியாயிற்று என்றார்கள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றார் சார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் கேட்காமலே நான் போய்ச் சொன்னேன். சில பிள்ளைகள் தங்கினார்கள். ஆனாலும் திருச்சுழி பஸ்ஸில் ஏறினால் இப்போது அவளுக்கு இருக்கக்கூடிய வயசில் வருகிற பெண்களின் முகத்தை இன்றும் பார்த்துக்கொண்டே வருகிறேன். கண்டுபிடித்தால் என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.