உள்ளிருந்து வந்த தொற்று

சிறுநீரகம் செயலிழந்த எனக்கு வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ். என் மனைவி எஸ்தர் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, என் வயிற்றுக் குழாயில் மருந்துத் தண்ணீர்ப் பையையும் மாற்றிவிடுவாள். ஒரு நாள் வெளியே வந்த தண்ணீர் கஞ்சிபோல் கலங்கியிருந்தது. தாங்க முடியாத வயிற்றுவலி.

வேலூர் மருத்துவமனையில் கிருமித் தொற்று, பெரும்பாலும் பை மாற்றும்போது கையிலிருந்து வருவது என்றார்கள். மருந்து ஏற்றியும் தண்ணீர் தெளியவில்லை.

"என் கையாலதாங்க வந்திருக்கும்," என்று எஸ்தர் அழுதாள்.

"உன் மேல எனக்கு சந்தேகமே இல்ல," என்றேன். அவள் கேட்கவில்லை. சாப்பாட்டையும் தொடவில்லை.

டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு நேராக எஸ்தரிடம் வந்தார்.

"தண்ணில குடல்ல இருக்கிற கிருமிங்கதான் வளந்திருக்கு. உள்ள குடல்வால் வெடிச்சிருக்கும்மா. நீங்க பை மாத்தினதால வரல."

எஸ்தர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அன்றே ஆபரேஷன் செய்து குடல்வாலையும் பழைய குழாயையும் எடுத்தார்கள். சில மாதங்கள் ரத்த டயாலிசிஸில் ஓடின. பிறகு புதுக் குழாய் வைத்தபோது, "வீட்ல யாரு பை மாத்துவீங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

"நான்தான்," என்றாள் எஸ்தர், நான் வாயைத் திறப்பதற்குள்.

நோயைக் கண்டுபிடிப்பது டாக்டரம்மாவின் வேலை. அவசரத்திலும் நின்று, எஸ்தரிடம் அது அவளால் வரவில்லை என்று சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.