சரியா அக்காவும் நடுக்கதவும்

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் சரியா அக்கா. தையல் பழகிய புதிதில் ஒரு மாப்பிள்ளையின் கால்சட்டையை இரண்டு அங்குலம் குட்டையாக வெட்டிவிட்டாள். மனுஷன் கணுக்கால் தெரியக் கல்யாணத்தில் போய் நின்றார். அன்றிலிருந்து வந்த பழக்கம், வாடிக்கையாளர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்பது. அவர் "சரி" என்ற பிறகுதான் கத்திரியைத் தொடுவாள்.

இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவில் இருந்த இரும்புக் கதவை ஒட்டித்தான் அவள் கடை. இந்தப் பக்கம் முப்பது வருஷமாக இருப்பவர்கள். அந்தப் பக்கம், வெள்ளத்தில் வீடிழந்து நான்கு வருஷத்துக்கு முன்னால் வந்தவர்கள். இடையில் ஒரு ஸ்கூட்டர் திருடு போனது. பழி அந்தப் பக்கம் விழுந்தது. இந்தப் பக்கத்தவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கே கதவைப் பூட்ட ஆரம்பித்தார்கள். இப்போது ஒரேயடியாக வெல்டிங் வைத்து மூடிவிடுவது என்று தீர்மானம். மூடினால் சரியா அக்காவுக்குப் பாதி வேலை போய்விடும். அதைவிட, துணி கொடுக்க வரும் அந்தப் பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்து அளக்கும் கதைகள் போய்விடும். அதில்லாமல் மிஷின் மிதிப்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

நகராட்சியிலிருந்து வந்த அதிகாரியம்மா, இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளும் ஒருவரை நடுவில் வைத்துப் பேசலாம் என்றார். இரண்டு பக்கமும் ஒரே ஆளைச் சொன்னது.

"அவங்க நடுநிலையா இருப்பாங்களா?"

"இருப்பாங்க மேடம். அதோட, எல்லார் இடுப்பளவும் அவங்க நோட்டுல இருக்கு. யாரு பகைச்சுக்குவா?" என்றார் கடிகாரம் பழுதுபார்ப்பவர். ஸ்கூட்டரைப் பறிகொடுத்தவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்து வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க இருபது பேர் உட்கார்ந்தார்கள். சரியா அக்கா எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். எதிர்ல இருக்கறவங்க சொன்னதை முதல்ல அவங்ககிட்டயே திருப்பிச் சொல்லணும். அவங்க சரின்னு சொன்னப்புறம்தான் நம்ம கதை."

அந்தப் பக்கத்திலிருந்து பஸ் ஓட்டும் பெண் எழுந்தாள். "விடியக்காலம் அஞ்சு மணிக்கு எனக்கு டூட்டி. கதவு பூட்டியிருக்கு. சாக்கடை ஓரமா இருட்டுல சுத்திப் போறேன். ரெண்டு தடவை நாய் துரத்திச்சு. பயமா இருக்கு."

கடிகாரக்காரர் தொண்டையைச் செருமினார். "கதவைத் திறந்து வெச்சா இவங்களுக்குச் சௌகரியமாம். திருடனுக்கும் சௌகரியம்!"

"சரியாம்மா?"

"இல்லக்கா. திருடனை நான் சொல்லவே இல்ல."

"மறுபடியும் சொல்லுங்கண்ணே."

"நாய் துரத்துதாம். நாய்க்கு ஆளைத் தெரியுது!"

இந்தப் பக்கம் சிரித்தது. சரியா அக்கா சிரிக்கவில்லை. "அண்ணே, இப்ப அவங்களுக்குத்தான் அளவு எடுக்கறோம். உங்களுக்கு அப்புறம்."

கடிகாரக்காரர் அவள் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக, "இருட்டுல சாக்கடை ஓரமா தனியா நடக்கறாங்க. நாய் துரத்துது. பயப்படறாங்க" என்றார்.

"சரி" என்றாள் ஓட்டுநர்.

இனி அவர் முறை. அவர் வாயைத் திறப்பதற்குள் ஓட்டுநரே ஆரம்பித்துவிட்டாள். "உங்களது நீங்க சொல்லவே வேணாம். பச்சைக் கலர் வண்டி. வீட்டம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது அதுலதான். வண்டி போன மறுநாள் அவங்களைக் கைத்தாங்கலா பஸ் ஸ்டாப் வரைக்கும் நடத்திட்டுப் போனீங்க. சரியா?"

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷமா கதவுகிட்ட நின்னு கத்தறீங்களே! மூணாவது மாடி வரைக்கும் கேக்குது."

அறையே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்தார். "சரி" என்றார்.

ஸ்கூட்டரை எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தண்ணீர்க் குழாயால் வந்த சண்டையைத் தீர்க்க இன்னும் இரண்டு ஞாயிறு பிடித்தது. ஆனால் வெல்டிங் பேச்சு அன்றோடு சரி. விடியக்காலம் யார் எழுந்து கதவைத் திறப்பது என்ற கேள்வி வந்தபோது, "எனக்கு எப்படியும் தூக்கம் வராது" என்று சாவியை வாங்கிக்கொண்டார் கடிகாரக்காரர்.

ஒரு மாதம் கழித்து, ஓட்டுநர் தன் சீருடையின் கையைக் குறைக்கக் கடைக்கு வந்தாள்.

"அக்கா, இன்னிக்கு எனக்கு லீவுன்னு அவர்கிட்டச் சொல்ல மறந்துட்டேன். மனுஷன் கதவைத் திறந்து வெச்சுட்டு அஞ்சேகால் வரைக்கும் நின்னிருக்காரு. அப்புறம் நேரா வீட்டுக்கே வந்து, 'உடம்பு சரியில்லையாம்மா'ன்னு கேக்கறாரு!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, டீ குடிச்சுட்டுப் போங்கன்னு அம்மா சொன்னாங்க. இப்போ எங்க வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை அக்கக்காகப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்காரு. நல்லாத்தான்கா ஓடிட்டிருந்துச்சு!"