ஏழு வரும்வரை

பச்சைக் கண்ணாடி வளையல்கள் நான்கும் கழன்று, காலியான எஃகு டம்ளரைச் சுற்றிக் கிடக்கின்றன. மூன்றே விரல்கள் விசைப்பலகையில் ஓடுகின்றன. கட்டளையை அடித்து முடித்ததும் என்டரைத் தட்டிவிடுவதில்லை. உதடு அசைய ஒருமுறை படித்துப் பார்த்த பிறகே தட்டுகிறார்.

உஜ்வலா தோரட் இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் புணேயில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு மழை அளவுகளைத் தட்டச்சு செய்ய வந்தவர். கணினிப் படிப்பு எதுவும் கிடையாது. கையேடுகளை முதல் பக்கத்திலிருந்து படிப்பார், முன்னுரையைக்கூட விடாமல். இன்று இருநூறு கணினிகள் சேர்ந்த க்ளஸ்டர் அவர் பொறுப்பில். இயக்குநரும் அவரைத் ‘தாயி’, மராத்தியில் அக்கா, என்றுதான் கூப்பிடுகிறார்.

க்ளஸ்டரில் வேலைகள் வரிசையில் நிற்கும். எது எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்பதைப் பிரித்துக் கொடுக்க ஒரு மென்பொருள் உண்டு. நம் நிரல் அதனோடு நேரடியாகப் பேச வேண்டுமானால் நடுவே ஒரு லைப்ரரி, அதாவது முன்பே எழுதிவைத்த நிரல்தொகுப்பு, வேண்டும். எங்கள் கூடத்தில் வெள்ள ஆய்வு செய்யும் சாங்லிக்காரன் மகரந்த் நிகம் கேட்டது அதைத்தான். கிருஷ்ணா நதி எத்தனை மழைக்கு எந்தத் தெருவரை ஏறும் என்று ஐயாயிரம் கணக்குகள் போட வேண்டும். இரண்டு வெள்ளத்தில் அவன் வீட்டுச் சுவரே ஊறிப்போயிருக்கிறது. வியாழன் நண்பகல் முதல் மூன்று நாள் இருநூறு கணினிகளும் அவனுக்கு. தவறினால் மழைக்காலம் முடிந்த பிறகுதான்.

இதில் ஒரு ஆபத்து. பாதியில் நின்ற கணக்கை லைப்ரரி ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டால், அந்தத் தெருவுக்கு வெள்ளமே இல்லை என்று அட்டவணையில் ஏறிவிடும்.

அதனால்தான் தாயி எந்த லைப்ரரியை நிறுவினாலும் அதைச் சோதிக்க, சாவதற்கென்றே ஒரு சின்ன நிரலை வைத்திருக்கிறார். பெயர் ‘மேலா’, செத்தான் என்று அர்த்தம். தொடங்கியதும் ஏழு என்ற எண்ணைச் சொல்லிவிட்டு விழுந்துவிடும். லைப்ரரியும் ஏழு என்றே சொல்ல வேண்டும். பூஜ்யம் என்றால், செத்தவன் சுகமாக இருக்கிறான் என்று பொருள். “நல்லா ஓடுறத யாரு வேணா சோதிக்கலாம். செத்தத செத்ததுன்னு சொல்லுதா, அதப் பாரு” என்பார்.

வியாழன் காலை பத்தரைக்கு எல்லாச் சோதனையும் தேறியது. மேலாவும் ஒழுங்காக ஏழு சொல்லிச் செத்தான். மகரந்த் கேன்டீனிலிருந்து பொஹே, நம்ம அவல் உப்புமாதான், வாங்கி வந்து மேசையில் வைத்தான்.

“தாயி, குடுத்துடுங்களேன். இன்னும் யாரக் கொல்லணும்?”

“இவன் என் லாகின்ல செத்தான். உன் லாகின்ல ஒருவாட்டி சாகட்டும்.”

அவன் சலித்துக்கொண்டே தன் கடவுச்சொல்லைப் போட்டான். தாயி மேலாவை அனுப்பினார். திரையில் பூஜ்யம் வந்தது.

பொஹே ஆறியது. தாயி அவன் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, திரையில் விரல் வைத்து வரிவரியாக இறங்கினார். பதினொன்றரைக்கு விரல் ஓரிடத்தில் நின்றது. அவன் கோப்புறைக்குள் அதே லைப்ரரியின் பழைய பிரதி, செத்ததையும் பூஜ்யம் என்று சொல்வது. புதியதைத் தேடிப் போகும் நிரல் வாசலிலேயே பழையதைப் பார்த்து நின்றுவிட்டிருக்கிறது.

எப்போது வைத்தான் என்று கேட்டார். போன கணபதி விடுமுறைக்கு ஊருக்குப் போகிற அவசரத்தில், தற்காலிகமாக, என்றான்.

“கணபதியே தண்ணில கரஞ்சு போயிட்டாரு. இது மட்டும் கரையலயாக்கும்.”

பழையதை நீக்கி, அதைக் கைகாட்டிய வரியை அழித்து, மேலாவை மறுபடி அனுப்பினார். ஏழு.

மகரந்த் கை தட்டப் போனான். தாயி திரும்பிப் பார்க்கவில்லை. இருநூறு கணினிகளுக்கும் தலா ஒரு மேலாவை அனுப்பினார். திரை நிறைய ஏழுகள் மழை போல் இறங்கின. விரலை நகர்த்திக் கடைசி ஏழுவரை எண்ணினார். இருநூறு. ஒன்றும் பிழைக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அன்று கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருந்தது. டம்ளரைச் சுற்றிக் கிடந்த வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் ஏற்றிக்கொண்டார். நாற்காலியை விட்டு எழுந்து, ஆறிப்போன பொஹே தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, விசைப்பலகையை மகரந்தின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.